பென்சிலைக் கீழே வைத்த பிறகு

பென்சிலைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டாள் அம்மா. அப்புறமும் மகளின் கண்கள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

இரண்டு கருவிழிகளும் சொல்லிவைத்தாற்போல மெல்ல மூக்குப் பக்கம் திரும்பின. பிறகு மெல்ல விலகின. இந்த ஒரு அசைவுக்காகத்தான் அம்மாவும் மகளும் மாதக்கணக்கில் சாயங்காலம்தோறும் எதிரெதிரே உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறார்கள். பென்சில் முனை மூக்கருகே வந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்ப வேண்டும். தள்ளிப்போனால் சேர்ந்து வெளியே திரும்ப வேண்டும். சுண்டெலிக்கோ (வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்) இடது கண் பாதியிலேயே டிமிக்கி கொடுத்துவிடும். புத்தகத்தில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அழுவாள்.

இன்று கண் பிசகவே இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள், மெஷின் மேல் கிடந்த பென்சிலைத் திரும்பிப் பார்த்தாள். கண் டாக்டர் சொன்னது அப்படியே நினைவிருந்தது.

"சும்மா காத்தைப் பாத்துக்கிட்டு கண்ணு இப்படி நிதானமா திரும்பாதும்மா. பாக்க ஒரு பொருள் வேணும். பார்வை கிட்ட இருக்கறதுல நின்னுட்டா, அதுக்குப் பின்னாடி இருக்கறது ரெண்டாத் தெரியும். அவ்வளவுதான் சங்கதி."

"என்னடி பாக்குற?"

"தெரியலம்மா. பென்சில் மாதிரி இல்ல. தானா வருது, தானா போகுது."

ஜன்னலில் வெயில் இன்னும் முழுதாய் இறங்கவில்லை. ஆனாலும் பென்சில் சீவிய வாசனைக்கு அடியிலிருந்து, காயாத துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தாற்போல ஒரு நாற்றம் எழுந்து வந்தது. மகளுக்குப் பின்னாலிருந்து அவள் தலைக்கு மேலாக அடித்துக்கொண்டிருந்த மேஜை விசிறிக் காற்று, நடுவில் யாரோ நிற்பதுபோல, இவள் முகத்துக்கு எட்டாமல் நின்றுவிட்டது. விசிறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கருவிழிகள் மறுபடி உள்ளே திரும்பின. எவ்வளவு திரும்பினால் எவ்வளவு தூரம் என்று இவளுக்கு இப்போது அத்துப்படி. ஒரு கை நீளம். ஒரு முழம். ஒரு சாண்.

"அம்மா, மூக்குல முட்டப்போகுது. போகச் சொல்லும்மா!"

பாய்ந்தாள். மகளின் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தன் முகத்தைக் குறுக்கே கொண்டுபோனாள்.

"எம் பொண்ணை விட்டுடு. என்ன வேணும்னாலும் எங்கிட்ட வா."

யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நாற்றம் மூக்குக்குள் ஏறியது. குளிர்ந்தது.

சுண்டெலியின் கண்கள் அம்மாவின் முகத்தில் வந்து நின்றன. முகம் மலர்ந்தது.

"போயிடுச்சும்மா! இப்ப நீதான் தெரியுற. ஒரே ஒரு அம்மா."

அம்மா தன் கண்களை மூடப் பார்த்தாள். முடியவில்லை. அவை இரண்டும் சேர்ந்து, நிதானமாக, உள்ளே திரும்பிக்கொண்டிருந்தன.

கைகளுக்குள் இருந்தது ஒரு முகம்தான். எதிரே இரண்டு சுண்டெலிகள் சிரித்தார்கள்.

அவளுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது தெளிவாகத் தெரியத் தொடங்கியது.