சத்தம் குறைத்த கைபேசி

முதலில் அந்தக் கண்களைத்தான் சின்னராசு பார்த்தான். மழை சொட்டும் இமைகள்... உள்ளே கெஞ்சலா, கோபமா, தெரியவில்லை.

திருப்புலிவனத்து நெல் களத்தில் மூட்டை தூக்குகிறவன் அவன். திடுமென்று பிடித்த மழைக்குத் தகரக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தான். ஓடி வந்து நின்றவள் கைபேசியை நீட்டினாள். அதிலிருந்து ஏதோ குரல் வந்தது. தகரத்தில் மழை போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. உடனே திரையைத் திருப்பிக் காட்டினாள்.

நாலு வரி எழுத்து.

அவனுக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. சுற்றிலும் ஆட்கள் வேறு. வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் மழைக்குள்ளேயே திரும்பி ஓடினாள். தன் நெல் குவியல்மேல் ஒற்றை ஆளாய்த் தார்ப்பாயை இழுத்தாள். காற்று பிடுங்கிக்கொண்டது. அவன் பதறி ஓடுவதற்குள் பாதிக் குவியல் நனைந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவளே எதிரில் வந்து நின்றாள். பெயர் அம்சா. பிறவியிலேயே பேச்சு வராதவள். அவள் தட்டினால் கைபேசி பேசும். பட்டணத்துப் பெண் குரலில், நிதானமாக, களம் முழுக்கக் கேட்க அது பேசியது.

“தார்ப்பாய் பிடிக்கத்தான் கூப்பிட்டேன். ஊமைதானே என்று முகத்தைத் திருப்பினீர்கள். நீங்களும் ஒரு மனிதரா?”

கூட வேலை செய்யும் கோவிந்தம்மாள் சிரித்துவிட்டாள். “டேய், திட்டறதுகூட எவ்ளோ மரியாதையா திட்டுது பாரு! உன்ன யாருடா இதுவரிக்கும் நீங்கன்னு கூப்ட்டாங்கோ?”

சின்னராசு அடுத்த மூட்டைக்குக் குனிந்தான். ‘படிக்கத் தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?’

ஈர நெல் முளைத்துவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். அவள் வீட்டுக்கு அந்த ஒரு போகம்தான். மூன்று நாள், தன் வேலை முடிந்ததும் அந்த நெல்லைப் பரப்பிக் காலால் துழாவினான். எதிர்ப்பக்கம் அவளும் துழாவினாள். அவ்வப்போது நெல்லைக் கடித்துப் பார்த்து, “இன்னும் காயல” என்பான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி எப்போதாவது நிமிர்வாள்... அந்தப் பார்வை தன்மேல் விழுவதற்குள் இவன் குனிந்துகொள்வான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மூட்டை கட்டியாகிவிட்டது. விடிந்தால் வண்டி வரும். இனி அவளுக்குக் களத்தில் வேலையில்லை. போய்விடுவாள்... தன்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டே போய்விடுவாள்.

அவன் அவள் எதிரே போய் நின்றான்.

“இந்தாம்மா... அன்னிக்கு நீ காட்டுனது இன்னான்னே எனக்குத் தெரியாது. எனக்குப் படிக்க வராது. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்கோ... வெக்கமாப் பூட்ச்சு. ஊமைன்னு நெனச்சு இல்லம்மா. சத்தியமா இல்ல.”

களத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோவிந்தம்மாளும்.

அம்சாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஏதோ தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள். பிறகு சத்தத்தைக் குறைத்தாள்... இன்னும் குறைத்தாள். கிட்டே வந்து, கைபேசியை அவன் காதோடு வைத்தாள்.

அதே பட்டணத்துக் குரல்தான். ஆனால் மூச்சு மாதிரி, அவனுக்கு மட்டும்.

“நெல் நேற்றே காய்ந்துவிட்டது. இன்றைக்கு உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். உங்களைப் பிடித்திருக்கிறது.”

அவனும் அவள் காதருகே குனிந்தான்.

“எனக்கும் தெரியும்... நேத்தே கடிச்சிப் பாத்துட்டேன். நீ வருவேன்னுதான், காயல காயலன்னு சொல்லிக்கினு கெடந்தேன்.”