தெர்லிஸ் இல்லாத காலிறுதி

தெர்லிஸ் பிரேசிலுக்குப் போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் அவனுடைய கட்டிலில் வேறொருவன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

யானினா கதவருகே நின்று அவனை முறைத்தாள். ஒல்லியான உடம்பு. இரண்டு நீளப் பாதங்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா, அவனுக்குக் கட்டிலே பத்தலை. வேற வீட்டுக்குப் போகச் சொல்லு."

"மெதுவாப் பேசுடி. தூரத்துச் சாக்கோ காட்டுப் பக்கத்துலேருந்து ஒரு ராத்திரி, ஒரு பகல் பஸ்ஸுல உக்காந்து வந்திருக்கான். பேரு நிக்கானோர், உங்கண்ணன் இடத்துல ஆட வந்தவன். நம்ம வீட்டுல தங்க வெச்சுக்கச் சொல்லி கிளப்புல கேட்டாங்க."

"அண்ணன் வந்தா எங்க படுப்பான்?"

அம்மா செல்சா கூடையை எடுத்தாள். சுடச்சுட இருந்த சீபா என்ற மரவள்ளிமாவு ரொட்டிகளைத் துணியால் மூடி, தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் விற்கக் கிளம்பிவிட்டாள்.

அந்த ஆண்டு நாட்டின் கால்பந்துக் கோப்பைப் போட்டி சான் ரோமான் ஊரையே ஆட்டிவைத்தது. அது பொல்லாத போட்டி. ஒரு ஆட்டம் தோற்றால் அன்றே மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். ஊருக்கென்று இருந்த எஸ்த்ரெல்லா கிளப் முதல் சுற்றைத் தாண்டும் என்றே யாரும் நினைக்கவில்லை.

ஆனால் எஸ்த்ரெல்லாவில் தெர்லிஸ் இருந்தான். யானினாவின் அண்ணன். ஒன்பதாம் எண் சட்டைக்காரன்.

முதல் சுற்றில் கொட்டுகிற மழையில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டான். இரண்டாவது சுற்று பெனால்டி வரை போனது. கடைசி உதை அவனுடையது. பந்து வலைக்குள் போனது. மூன்றாவது சுற்றில் தலைநகர் அசுன்சியோனிலிருந்து பெரிய கிளப் ஒன்று ஏசி பஸ்ஸில் வந்து இறங்கியது. எஸ்த்ரெல்லா இரண்டு, அவர்கள் ஒன்று. இரண்டுமே தெர்லிஸ்!

அன்று பாதிரியாரே ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார். ரொட்டிக்கடை அபுந்தியோ மாமா ஒரு வாரம் யானினாவிடம் காசே வாங்கவில்லை.

அந்த ஆட்டத்தைப் பார்க்கப் பிரேசில் கிளப் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. நான்காம் நாள் தெர்லிஸ் ஒரு பையோடு வாசலில் நின்றான்.

"காலிறுதி ஆடிட்டுப் போயேன்" என்று யானினா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது குட்டி. கையெழுத்துப் போட்டாச்சு. இங்க ஆடி கால் ஒடிஞ்சா அவங்க சும்மா விடுவாங்களா? ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்றேன்."

இரண்டு வருடங்களுக்கு முன்பு பக்கத்து நாட்டுத் தலைநகர் புவனோஸ் அயர்ஸில் கட்டட வேலைக்குப் போன அப்பாவும் அதே வாசலில் நின்று அதையேதான் சொன்னார். யானினா கையை விட்டுவிட்டாள்.

நிக்கானோர் தூங்கி எழுந்ததும் யானினா அவன் முன் போய் நின்றாள்.

"அந்த மேசையைத் தொடக் கூடாது. சுவத்துல இருக்கற படத்தை எடுக்கக் கூடாது. நீலக் கப்புல குடிக்கக் கூடாது."

நிக்கானோர் கவனமாகக் கேட்டுக்கொண்டான். "சன்னலைத் திறக்கலாமா?"

"திறக்கலாம்."

"மூச்சு விடலாமா?"

யானினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அண்ணனின் கட்டிலில் படுப்பவனோடு சிரிப்பதாவது!

அதன்பிறகு அவள் அவனோடு பேசவே இல்லை. காலையில் அவன் வணக்கம் சொன்னால், அவள் கோழியைப் பார்த்து, "என்ன, தீனி தின்னியா?" என்பாள். அவனோ சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினான். அம்மாவுக்கு விறகு வெட்டிக் கொடுத்தான். மாலையில் கொல்லைப்புற லபாச்சோ மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருப்பான். அவன் தலையெல்லாம் இளஞ்சிவப்புப் பூ உதிர்ந்து கிடக்கும். அவன் தட்டிவிடக்கூட மாட்டான்.

கிளப் அவனுக்கு ஒன்பதாம் எண் சட்டையைக் கொடுத்தது. அதை அம்மா துவைத்துக் கொடியில் காயப்போட்டபோது யானினா அந்தப் பக்கமே போகவில்லை.

காலிறுதி சனிக்கிழமை மதியம். சொந்த ஊர் மைதானத்தில். அந்த நாட்டில் ஜூலைதான் குளிர்காலம்; காற்று சுழற்றி அடித்தது. கோலுக்குப் பின்னால் இருந்த படிகளில் யானினா உட்கார்ந்திருந்தாள். அவள் வகுப்புப் பையன் இலாரியோ முழங்கையால் இடித்தான்.

"உங்க வீட்டு ஒட்டகச்சிவிங்கி ஓடறதைப் பாரேன்!"

"அது ஒண்ணும் எங்க வீட்டு ஆளில்ல" என்றாள் யானினா.

முதல் பாதியிலேயே எஸ்த்ரெல்லா ஒரு கோல் போட்டது. மூன்று பேரை ஏமாற்றிவிட்டு நிக்கானோர் தள்ளிக்கொடுத்த பந்து அது. ஆனால் கோல் போட்டவனைத்தான் எல்லாரும் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தபோது எதிரணி ஒன்று போட்டு ஒன்றுக்கு ஒன்று ஆக்கியது.

பெனால்டி!

எதிரணி ஐந்து உதையையும் உதைத்து ஐந்தையும் உள்ளே போட்டுவிட்டது. எஸ்த்ரெல்லா நான்கு போட்டிருந்தது. ஐந்தாவது நிக்கானோர். போட்டால் ஆட்டம் நீளும். விட்டால் எல்லாம் முடிந்தது.

அவன் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தான். அப்போது கூட்டத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது.

"தெர்-லிஸ்! தெர்-லிஸ்!"

இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். யானினாவும் படிமேல் ஏறி நின்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

"தெர்-லிஸ்! தெர்-லிஸ்!"

நிக்கானோர் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவன் கண் நேராக அவளிடம் வந்து நின்றது. பிறகு அவன் குனிந்தான். ஓடிவந்தான். உதைத்தான்.

பந்து மேல் கம்பத்தில் டங்கென்று மோதி, வேலிக்கு அப்பால் போய் விழுந்தது.

டிக்கெட் கிழிக்கிற பெரியவர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய மீசை வைத்த மாமாக்களெல்லாம் குழந்தைகள் மாதிரி அழுதார்கள். யானினாவும் அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நிக்கானோர் வீட்டுக்கு வந்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா வைத்த சூப் ஆறிப்போனது. ஞாயிற்றுக்கிழமையும் அவன் வெளியே வரவில்லை.

"கோச்சு வந்தாருடா தம்பி. நாளைக்கு எட்டு மணிக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னாரு" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். பிறகு யானினா பக்கம் திரும்பினாள்.

"நீ போய்க் கூப்பிடேன், யானினா."

"நான் மாட்டேன்." சனிக்கிழமை கத்திய கத்தலில் அவள் குரல் இன்னும் கம்மியிருந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. தெர்லிஸ்தான்.

"கேள்விப்பட்டேன் குட்டி. ரொம்ப அழுதியா?"

"அந்தப் புது ஆளு கம்பத்துல அடிச்சுட்டான்."

"நான் அடிக்கலையா? பயிற்சியில எத்தனை தடவை அடிச்சிருக்கேன்! பாவம்டி அவன்."

யானினா பேச்சை மாற்றினாள். "அங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பொய் சொல்லாத."

தெர்லிஸ் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு வீட்டுல தங்க வெச்சிருக்காங்க. அந்த வீட்டுப் பையனுக்கு உன் வயசுதான் இருக்கும். நான் அவங்க பாஷையில ஏதாவது பேசிப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறான். சாப்பிடும்போது என் பக்கத்து நாற்காலியில உக்காரவே மாட்டேங்கறான்." தெர்லிஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "பரவால்ல. சின்னப் பையன்தானே... குட்டி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள் யானினா. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை அம்மா கூடையோடு கிளம்பிப் போன பிறகு, பள்ளிக்கூட உடுப்போடு யானினா வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வீட்டின் வெள்ளைச் சுவரில் செங்கல் துண்டால் பெரிதாக எழுதியிருந்தது: "ஒன்பதே, ஊருக்குப் போ!"

அவள் ஓடிப்போய் வாளியும் தேய்க்கிற பிரஷும் எடுத்துவந்தாள். ஜில்லென்ற தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்த்தாள். கை விறைத்தது. எழுத்து போவதாக இல்லை.

"ஏன் அழிக்கற?" பின்னால் இலாரியோ நின்றுகொண்டிருந்தான். "அன்னிக்கு நீதான எல்லாரையும்விடச் சத்தமாக் கத்துன?"

"ஆமா, நான்தான் கத்துனேன். அதான் நானே அழிக்கறேன்." அவள் திரும்பினாள். "ஆமா, உன் விரல் ஏன் சிவப்பா இருக்கு?"

இலாரியோ கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக வந்து, வாளியைத் தூக்கிச் சுவரில் தண்ணீர் ஊற்றினான். ஒன்றும் பேசாமல் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடிவிட்டான்.

கதவு திறந்தது. தோளில் பையோடு நிக்கானோர் வெளியே வந்தான்.

"சுவத்துல என்ன?"

"ஒண்ணுமில்ல. பாசி."

"சிவப்புப் பாசியா?"

யானினா பிரஷைக் கீழே போட்டாள். "சனிக்கிழமை நானும் கத்துனேன். அண்ணன் பேரைச் சொல்லி."

"கேட்டுச்சு."

"அதனாலதான் கம்பத்துல பட்டுதா?"

நிக்கானோர் பையைக் கீழே வைத்தான்.

"தெரியல. கால் பந்துக்கு அடியில போயிடுச்சு. நீ கத்தலைன்னாலும் போயிருக்கலாம்." சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "ஆனா, வலிச்சுது."

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் யானினா. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "எங்க கெளம்பிட்ட?"

"பத்து மணிக்கு பஸ்."

"கோச்சு எட்டு மணிக்கு வரச் சொன்னாரில்ல?"

"எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடந்து போறது? எல்லாரும் பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும். நான் கூட வர்றேன்." அவள் அந்தப் பையைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள். "எங்கப்பா போயிட்டாரு. அண்ணன் போயிட்டான். நீயும் போனா அந்த ரூமைப் பூட்டித்தான் வெக்கணும். ஆனா ஒண்ணு, உன்னை அண்ணான்னெல்லாம் கூப்பிட மாட்டேன்."

"வேண்டவே வேண்டாம். அப்படிக் கூப்பிட ஊருல மூணு தங்கச்சிங்க இருக்காங்க. காதே வலிக்கும்" என்றான் நிக்கானோர். சொல்லிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். முடிதிருத்தும் கடை வாசலில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூன்று பேர் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நிக்கானோரின் நடை தயங்கியது. யானினா அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம், மாமா! இவன் நிக்கானோர். எங்க வீட்டுல இருக்கான். உங்களுக்கு வணக்கம் சொல்றான்."

நிக்கானோர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவசர அவசரமாக, "வணக்கம்" என்றான். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற இருவரும் வேறு வழியில்லாமல், "ம்ம், வணக்கம்" என்றார்கள்.

ரொட்டிக்கடையில் அபுந்தியோ மாமா நிமிர்ந்து பார்க்காமல் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, அன்னிக்கு நம்ம கோலுக்குப் பந்து குடுத்தது யாரு?"

மேசை துடைப்பது நின்றது. "இவன்தான்."

"அவ்வளவுதான் கேக்க வந்தேன்."

அபுந்தியோ மாமா பெருமூச்சு விட்டார். அவர் கண் சிவந்திருந்தது. "முப்பது வருஷமா இந்தக் கோப்பைக்காகக் காத்திருந்தோம், பாப்பா. சனிக்கிழமைலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"எனக்கும்தான்" என்றான் நிக்கானோர் தாழ்ந்த குரலில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெரிய மனிதர் மாவு படிந்த கையை நீட்டி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "போ, போ. நேரமாச்சு. கோச்சு திட்டுவான்."

மைதான வாசலில் நிக்கானோர் நின்றான். சனிக்கிழமை மாட்டிய பச்சைக் காகிதத் தோரணம் இன்னும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அந்தக் கோல் கம்பம் தெரிந்தது. கோப்பை இனி அடுத்த வருடம்தான். அரையிறுதியை வேறு யாரோ எங்கோ ஆடுவார்கள்.

அவன் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு உள்ளே போனான். அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு ஓட ஆரம்பிக்கும்வரை யானினா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் பள்ளிக்கூட ஞாபகமே வந்தது.

அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது முதல் பாடம் முடிந்தேவிட்டது. வெள்ளை உடுப்பெல்லாம் செங்கல் கறை.

"எங்க போயிருந்தம்மா இவ்வளவு நேரம்?" என்று டீச்சர் கேட்டார்.

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. இலாரியோ மட்டும் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"எங்க வீட்டுப் பையனைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன், டீச்சர்" என்றாள் யானினா.