துரத்தல் ஆட்டம்

நான் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவள். ஊரார் நெஞ்சையெல்லாம் பார்த்துவிட்டு, சொந்த வீட்டுக்காரர் நெஞ்சில் கோட்டை விட்டேன். அடைப்பை எடுத்தபிறகு டாக்டர், "மெதுவா ஓடிப் பழகுங்க. நாடித்துடிப்பு மட்டும் எகிறக் கூடாது" என்றார். நம்மாளுக்கா, ஓட்டம் என்றாலே முனகல்.

அதற்காகத்தான் அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கினேன். யாரோ நம்மைத் துரத்துவதுபோல் அதில் ஒரு விளையாட்டு உண்டு. ஆள் நெருங்க நெருங்க மணிக்கட்டில் அதிர்வு வேகமாகும். மனிதருக்கு ஒரே குஷி. சாயங்காலமானால் தானாகவே ஷூ மாட்டினார். அவர் துடிப்பு என் போனில் தெரியும்.

அன்று அது ஏறிக்கொண்டே போனது. கூப்பிட்டேன்.

"என்னங்க, வேகத்தைக் குறைங்க!"

"முடியலடி..." மூச்சு இரைத்தது. "ஆட்டத்தை எப்பவோ நிறுத்திட்டேன். அது நிக்க மாட்டேங்குது. பின்னாடி யாரோ ஓடி வர்றாங்க."

"திரும்பிப் பாருங்களேன்."

"பார்த்துட்டேன். யாருமே இல்ல."

ஓடினால் நெஞ்சு தாங்காது.

நின்றால்?

போனில் அவர் மூச்சுக்குப் பின்னால் வெறுங்கால் சத்தம். எனக்கும் கேட்டது.

"வீட்டுக்கு வந்துடுங்க," என்றேன்.

வியர்வையில் தொப்பலாக நனைந்து வந்து சோபாவில் விழுந்தார். கதவைத் தாழிட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி நாடி பிடித்தேன். மெல்ல இறங்கியது. அப்பாடா! அப்படியே கண்ணயர்ந்தார்.

அப்போதுதான் அந்தப் புத்திகெட்ட காரியத்தைச் செய்தேன். எங்கள் வேலையில் மெஷின்மேல் சந்தேகம் வந்தால் முதலில் நம் உடம்பிலேயே மாட்டிப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன்.

அதிர்ந்தது.

வாசற்கதவின் இடுக்கில் ஈரமண் வாடை. படியில் வெறுங்கால் சத்தம்.

பதறிப்போய்க் கழற்றி எறிந்தேன். கடிகாரம் தரையில் அணைந்து கிடந்தது. என் வெறும் மணிக்கட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது.

சோபாவில் அவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அது உள்ளே வந்தால் அந்த நெஞ்சு இன்னொரு தரம் தாங்காது. பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். காலடிச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு என் பின்னால் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுகைக்கு நடுவே நிம்மதியாக இருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் நான்தான் ஓடுகிறேன். ஓடினால் இரவு அது வீட்டுப் பக்கம் வருவதில்லை. கடிகாரத்தை உடைத்துப் போட்டாயிற்று. காரணம் தெரியாத அவர், "உனக்கு ஓட்டப் பைத்தியம் புடிச்சுடுச்சு" என்று கேலி செய்வார். மழுப்பிவிட்டுக் கிளம்புவேன்.

நேற்று கிளம்பும்போது விளையாட்டாக என் கையைப் பிடித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த அதிர்வு அவருக்குத் தெரியாதா என்ன?

"எத்தனை நாளாடி?"

கையை உதறிக்கொண்டு ஓடினேன்.

"நில்லுடி! தனியாப் போகாத!" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

தெருமுனையில் என் கையில் அதிர்வு நின்றுபோனது.

திரும்பிப் பார்த்தேன். அவர் தெருவிளக்கடியில் நின்று, தன் வெறும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.