சேர்ந்து இழுத்த மூச்சு

சுகுணா இருமியபோது திரையில் பச்சைப் புள்ளி ஒன்று துள்ளியது. இருமியது அவள்தான், மாமனார் வாயில் குழாயோடு அசையாமல் கிடந்தார்.

அழகுமலைக்கு வென்டிலேட்டரில் அது பதினோராம் நாள். மெஷின் தரும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவரையே மூச்சிழுக்கப் பழக்க வேண்டும், அவராக இழுத்தால் பச்சைப் புள்ளி விழும் என்று நர்ஸ் செவந்தி சொல்லியிருந்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் புள்ளி. குவைத்திலிருந்து கணவன் வந்து சேர இன்னும் இரண்டு நாள். அறந்தாங்கியிலிருந்து கூட வந்தவள் சுகுணா மட்டுமே.

"கையப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் சேந்து இழுங்கக்கா. மருமக சொன்னா கேக்க மாட்டாரா?" என்றாள் செவந்தி.

"வீட்டுல ஒருநாளும் கேட்டதில்ல," என்றாள் சுகுணா.

மருந்து நெடியும் ஈரப் பஞ்சின் வாடையும் ஏசிக் குளிரில் உறைந்து நிற்க, மெஷின் உஸ்ஸென்று இரைந்து அடங்கும் இடைவெளியில், அந்தச் சில்லிட்ட விரல்களைப் பற்றிக்கொண்டு அவள் மெல்ல மூச்சை இழுத்தாள். அவர் மார்பு எழுந்தது. விட்டாள், தாழ்ந்தது. புள்ளிகள் வரிசையாக விழுந்தன. அவளுக்குக் கொட்டாவி வந்தது. குழாயைச் சுற்றி அவர் தாடையும் அகன்றது.

பயந்துபோய் மூச்சை அடக்கினாள். அவர் மார்பு நின்றது. அலாரம் கத்தியது. பதறி இழுத்தாள். அலாரம் அடங்கியது.

மதியம் டாக்டர் திரையைப் பார்த்தார். "நல்லா இழுக்குறாரும்மா. டியூப எடுத்துடலாம்."

"சார், அவரு இழுக்கல. நான்தான் இழுக்கறேன்."

"உங்க புண்ணியந்தாம்மா," என்று சிரித்தபடி கையுறையை மாட்டினார்.

குழாய் வெளியே வந்தது. மெஷின் ஓய்ந்தது. சுகுணா விடாமல் இழுத்தாள், விட்டாள். நேரமாகிவிட்டது என்று செவந்தி அவள் கையைப் பிரித்து வெளியே அனுப்பினாள். கண்ணாடிக் கதவு மூடியது. திரும்பிப் பார்த்தாள்.

அவர் மார்பு எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது. தானாகவே.

அப்பாடா என்று பெருமூச்சு விடப் பார்த்தாள். காற்று வரவில்லை. உள்ளே அவர் மார்பு எழுந்தபோதுதான் அவளுக்குள் காற்று புகுந்தது. அவர் விட்டார். அவளுடையது வெளியேறியது.

"மாமா."

குரல் எழவில்லை.

அழகுமலை கண் திறந்தார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

மார்பு நின்றது.

அவள் கதவைத் தட்டினாள். செவந்தி திரையைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினாள். அவருடைய ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு.

கண்ணாடியில் ஊன்றியிருந்த சுகுணாவின் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அவர் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.