அசையாத தண்ணீர்

விஜயாவின் கட்டிலருகே இருந்த கிளாஸ் தண்ணீரில் ஒரு வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தம்பிராஜா கிளாஸைக் குலுக்கினான். நூல் காணாமல் போயிற்று. காலையிலும் அப்படித்தான் போயிற்று.

காஜா பேராங் ஊரில் மத்தியானம் பிடித்த மழை அந்தியாகியும் விடவில்லை. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வேலியில் நனைந்து சாயம் விட்டுக்கொண்டிருந்தன. மகள் பிழைத்துவிட்டாள் என்று நேர்த்திக்கடன் செலுத்த மனைவி சந்திரமதி கோயிலுக்குப் போயிருந்தாள். தகரக் கூரையின் இரைச்சலுக்குக் கீழே அவனும் ஆறு வயது மகளும் மட்டும் இருந்தார்கள்.

அவன் கிளினிக்கில் டிரசர், டாக்டருக்கு உதவியாள். மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் முதுகுத்தண்டிலிருந்து டாக்டர் ஊசியால் எடுக்கும் நீரை, சோதனைக் குழாயில் இரவு முழுதும் அசையாமல் நிறுத்திவைப்பது அவன் வேலை. காலையில் அதில் சிலந்திவலை போல ஒரு படலம் தொங்கினால் காசநோய். போன வாரம் இரண்டு குழாய்கள் நின்றன. ஒன்று விஜயாவினுடையது, மற்றது ரப்பர் தோட்டத்து அஞ்சலையின் மகனுடையது. மருந்து ஒரு பிள்ளைக்குத்தான் இருந்தது.

வலை இரண்டிலும் தொங்கியது. டாக்டர் வருவதற்குள் அந்தப் பையனின் குழாயை எடுத்து ஒரே ஒரு தடவை குலுக்கினான். வலை கலைந்து காணாமல் போயிற்று. தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும் அவன், குழாயைத் திரும்ப அதன் இடத்தில் நிறுத்திவைத்தான்.

"எம் புள்ளைக்கு அந்த சீக்கு இல்லதானே, டிரசரய்யா?" என்று அஞ்சலை கேட்டாள்.

இல்லை என்றான். அவள் அவனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நேற்றுப் பையனை அடக்கம் செய்துவிட்டதாகச் செய்தி வந்தது.

மழை நின்றது. எல்லாத் தண்ணீரும் அசையாமல் நின்றது.

தம்பிராஜா அடுப்படிக்குப் போனான். குடத்தில் வலை. குலுக்கினான். வாளியில் வலை. உதைத்துக் கவிழ்த்தான். வாசலில் தேங்கிய மழைநீரில் விளிம்புக்கு விளிம்பு வெள்ளையாகப் பின்னிக்கிடந்தது. பயத்தில் அவனுக்கு வாய் உலர்ந்தது. குடிக்க வலையில்லாத தண்ணீர் இல்லை.

"அப்பா, கண்ணு மங்கலா இருக்குப்பா."

விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். குனிந்தான். மகளின் ஈரக் கண்ணில், மேல் இமையிலிருந்து ஒரு வெள்ளை நூல் இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் கோத்துக்கொண்டு மூன்றாவது.

குலுக்கினால் போய்விடும். கிளாஸில் போயிற்று. குடத்தில் போயிற்று.

அவள் தோள்கள் இரண்டையும் பிடித்தான்.

"ஆட்டாதீங்கப்பா," என்றாள் விஜயா.

ஒரு தடவை குலுக்கினான். வலை இருந்தது.

சந்திரமதி கையில் திருநீற்றோடு வந்து வாசலில் நின்றபோது, அவன் இன்னும் குலுக்கிக்கொண்டிருந்தான்.