கனமில்லாத கைப்பிடி

“உடைச்சிட்டு நிக்கிறதப் பாரு. ஹபீபா வுட்டுட்டுப் போன பொருள்னு இந்த வீட்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

“மாமா, நீங்க கைப்பிடியச் சுத்தச் சொன்னீங்க, நான் சுத்துனேன். கனமே இல்லாம சுத்துச்சு. இப்படி ஆவும்னு தெரியாது, மன்னிச்சிருங்க.”

“பிறை ஃபேக்டரியில நட்டு முடுக்குற கைக்கு எது கனமாத் தெரியும்? வெடிச்ச சத்தம் மாடி பூரா கேட்டிருக்கும். இந்தக் கையில என் மகளப் புடிச்சுக் குடுக்க மாட்டேன். நிக்காஹ் கிடையாது. வெளிய போ.”

பினாங்குத் தீவில், சுங்கை பினாங் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கதவைத் திறக்காமலே எல்லாரும் இதைக் கேட்டார்கள். சிலர் திறந்தும் கேட்டார்கள். ஷேக் அலாவுதீன் காலஞ்சென்ற மனைவி ஹபீபாவின் கிராமபோனைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பழுதுபார்க்கத் தொடங்கி நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவரும் மகள் சுஹானாவும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மூன்று வாரத்தில் வரும் மகளின் நிக்காஹ் அன்று அதைப் பாட வைப்பதாக லிஃப்டில் ஏறியவரிடமெல்லாம் சொல்லியிருந்தார். இப்போது, பாலத்துக்கு அப்பால் பிறை என்ற ஊரில் வேலை செய்யும் மாப்பிள்ளை இக்மல், செருப்பைக் கையில் பிடித்தபடி படியிறங்கிப் போனான்.

அன்று மாலையே சுஹானா அடுத்த வீட்டு முனுசாமியிடம் வந்தாள். முனுசாமி முப்பது வருடம் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். உடைந்த உலோகத்தைப் பார்த்துத் தவறு யாருடையது என்று சொல்வதே வேலை. ஓய்வு பெற்றபின் அவருக்கு வழக்குகள் பிடித்துத் தருவது மனைவி புஷ்பவள்ளியின் வேலை. அதற்கு அவள் சுவரோரம் நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

“அங்கிள், வாப்பா மெஷினப் பிரிச்சு எல்லாருக்கும் காட்டினாரு. ஸ்பிரிங் ரெண்டாப் போச்சு. தான்தான் உடைச்சோம்னு இக்மல் போன்ல அழுவுறாரு.”

அவள் நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்த எஃகுச் சுருளை முனுசாமி பிரித்தார். முறிந்த விளிம்பு பழைய ஆணியைப் போலப் பழுப்பாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை பாடுச்சாமே?”

“ஆமா. வாப்பா ரூம் கதவச் சாத்திட்டுப் பாட வச்சாரு. நான் ஆட்டுக்கறிய அடுப்புல ஏத்தி எறக்குற வரைக்கும் நிக்கவே இல்ல.”

“புஷ்பம், மத்தியானம் வெடிச்ச சத்தம் உனக்குக் கேட்டுச்சா?”

“அவங்க வீட்டுல கரண்டி விழுந்தாலே எனக்குக் கேக்கும்லா. இன்னிக்குத் திட்டுனதுதான் கேட்டுச்சு. அப்ப, அலாவுதீன் அண்ணன்தான்...”

“பொறு.”

மறுநாள் காலை ஷேக் அலாவுதீன் வீட்டில் எல்லாரும் கூடினார்கள். இக்மல் கதவருகிலேயே நின்றான். உட்காரச் சொல்ல யாருமில்லை.

“அண்ணே,” என்றார் முனுசாமி, “முடுக்கின ஸ்பிரிங் உடைஞ்சா டமார்னு வெடிக்கும். என் வீட்டுக் காதுக்கே அது கேக்கல.” புஷ்பவள்ளி இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். “அப்புறம், கைப்பிடி சுத்தச் சுத்த இறுகணும். தம்பிக்குக் கனமே இல்ல. முன்ன பின்ன தொட்டதில்ல, அதுதான் வழக்கம்னு நெனச்சுட்டாரு. ஏற்கெனவே உடைஞ்சதத்தான் அவரு சுத்துனாரு.”

“வெள்ளிக்கிழமை பாடுச்சே. என் மகளையே கேளுங்க.”

“கேட்டேன். கறி வேகற வரைக்கும் நிக்காமப் பாடுச்சாம். இந்த இசைத்தட்டு ஒரு பக்கம் மூணு நிமிஷம்தான். அப்புறம் திருப்பிப் போடணும், திரும்பச் சாவி குடுக்கணும். நிக்காமப் பாடுனது உங்க ஹேண்ட்போன்.”

பிறகு அவர் குறட்டால் ஸ்பிரிங்கின் நுனியை ஒடித்தார். புதிய முறிவு வெள்ளையாக மின்னியது. அதைப் பழுப்பு விளிம்பின் பக்கத்தில் வைத்தார். “நேத்து உடைஞ்சது இந்த நிறத்துல இருக்கணும். இது உங்க கையில உடைஞ்சு வாரக் கணக்காச்சு.”

ஷேக் அலாவுதீன் ஒடிந்த துண்டுகளை நாளிதழில் திரும்பச் சுற்றினார்.

“வாரம் மூணு நாள் டயாலிசிஸ். இவ பிறைக்குப் போய்ட்டா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குக் கேரெத்தா ஓட்டிக் கூட்டிட்டுப் போவா?”

“அவரு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாரே வாப்பா,” என்றாள் சுஹானா. “அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்.”

இக்மல் அப்போதுதான் வாய் திறந்தான். “மாமா மேல கோவமில்ல. ஆனா இனிமே இந்த வீட்ல ஒரு கிளாஸ எடுத்துத் தண்ணி குடிக்கக்கூட என் கை நடுங்கும், சுஹானா.”

நிக்காஹ் நடக்கவில்லை. வருடம் முடிவதற்குள் இக்மல் பிறையிலேயே ஐனா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்குப் போய் வந்த புஷ்பவள்ளி, பிரியாணியில் உப்பு குறைவென்று சொன்னாள். சுஹானா அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் வாடகைக்கு அறை எடுத்துப் போய்விட்டாள். வாரம் மூன்று நாள் பாலத்தைக் கடந்து காரில் வந்து கீழேயிருந்து ஹாரன் அடிப்பாள், மேலே ஏறுவதில்லை. ஷேக் அலாவுதீன் இறங்கி வந்து பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார்.