கால் கிண்ணச் சோறு

இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். தம்பி வெங்கடாசலத்தின் வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்கு அக்கா ராமக்காள் கொடுத்த கடன். மகள் கலைமதியின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அது. அதைக் கேட்கத்தான் அன்று காலை காரிமங்கலத்தில் பஸ் இறங்கி நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது, தம்பியின் முன்னால் இருந்த கால் கிண்ணச் சோறு.

"அடிப்பாவி! மலையாட்டம் இருந்தவன்... காத்து எறங்குன டயராட்டம் ஆயிட்டான்! வூட்டுக்காரனுக்குச் சோறு போடக்கூடவா அளவு பாக்கற?"

"டாக்டர் சொன்ன அளவுங்க அண்ணி..." என்றாள் வெங்கடாசலத்தின் மனைவி தீர்த்தம்மாள்.

"எந்தம்பிய பட்டினி போடவா பணம் குடுத்தேன்? கல்யாணத்துக்கு இருபதே நாளு... எம்பணத்த எடுத்து வை!"

நூற்றுப் பதினெட்டு கிலோவோடு குனிய முடியாமல் நின்ற கணவருக்குச் செருப்பு மாட்டிவிட்டது தீர்த்தம்மாள். இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போட்டது அவள். ஈரலில் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, இப்படியே விட்டால் ஈரல் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றே கம்மலைக் கழற்றிக் கொடுத்தவளும் அவள். ஆபரேஷன் முடிந்த இந்த ஐந்து மாதமாக எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் இருபது தடவை மெல்ல வைக்கிறாள். அழ நேரம் ஏது? பால் கறக்கக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பத்து நிமிடம் போதும். தீர்த்தம்மாள் தனக்குக் கிண்டி வைத்திருந்த கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டையை எடுத்துத் தம்பி தட்டில் போட்டாள் ராமக்காள்.

"சாப்புடு சாமி. உனக்குன்னு கேக்க நான் ஒருத்தி இருக்கேன்."

அக்காவின் முகத்தைப் பார்த்து அவரால் மறுக்க முடியவில்லை. எங்கள் பக்கம் களியை யார் மெல்லுகிறார்கள்? கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே பழக்கம்! நாலு வாய் விழுங்கினார். ஐந்தாவது வாய்க்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"ஐயோ... எந்தம்பீ!"

கார் பிடித்து, ஆபரேஷன் செய்த சேலத்து ஆஸ்பத்திரிக்கே ஓடினார்கள். அடைத்ததெல்லாம் வாந்தியாக வந்து, குளுக்கோஸ் ஏறி, அவர் கண் திறந்த பிறகு டாக்டர் கேட்டார்: "களி குடுத்தது யாரு?"

ராமக்காள் சுவரோரம் ஒதுங்கினாள்.

"நாந்தாங்க... புத்தி கெட்டுப்போச்சு" என்று முன்னால் வந்தாள் தீர்த்தம்மாள்.

டாக்டர் அவளையே பார்த்தார். "போன வாரம் எடுத்த ரிப்போர்ட் வந்திருக்கும்மா. இருபத்தொன்பது கிலோ குறைஞ்சிருக்கு. இன்சுலின் நிறுத்தி மூணு மாசமாகியும் சர்க்கரை கட்டுக்குள்ள நிக்குது. ஈரல் கொழுப்பும் நல்லா வடிஞ்சிருக்கு. ஆபரேஷன் பாதிதான், மீதி நீங்க அளந்து போட்ட சோறு. நீங்களா இந்தத் தப்பைப் பண்ணீங்க?"

"அவ இல்லீங்க... பாவி நாந்தான்!" ராமக்காள் வெடித்து அழுதாள். தீர்த்தம்மாளின் இரண்டு கைகளையும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "வந்ததும் வராததுமா உன்னத் திட்டுனேனே... எம்பழியையும் நீ ஏத்துக்கறியே தாயி!"

"வுடுங்க அண்ணி... மாட்ட வித்தாவது பணத்தக் குடுத்தர்றேன்."

"எந்தப் பணம்? புள்ளைக்கு ரெண்டு பவுனு கொறச்சுப் போட்டா ஒண்ணும் கொறஞ்சிராது. டேய் தம்பி, தாய்மாமன் சீர்த்தட்டத் தலையில வெச்சுக்கிட்டு மண்டபத்துப் படியேறி வருவியா? இருபத்திரெண்டு படிடா!"

"ஏறிருவேன்க்கா" என்றார் வெங்கடாசலம்.

"அப்ப கடன் தீந்துச்சு."